இரண்டு சுருள்வில்களை ஒப்பிடுவது எப்படி? தனிச்சீரிசை இயக்கத்தின் வழியே ஒரு முழுமையான வழிகாட்டி

மேசையின் மேல் இரண்டு சுருள்வில்கள் கிடக்கின்றன. ஒன்று விரலால் இழுத்தாலே நீள்கிறது. மற்றொன்று அவ்வளவு எளிதில் இணங்குவதில்லை. இரண்டையும் நீட்டிப் பிடித்தால் எதில் அதிக ஆற்றல் சேர்ந்திருக்கும் என்று பதினொன்றாம் வகுப்பு மாணவரிடம் கேட்டால், விறைப்பானதில்தான் என்ற விடை பெரும்பாலும் உடனே வந்துவிடும். அந்த விடை சரியாகவும் இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். இரண்டையும் ஒரே தூரத்துக்கு நீட்டினோமா, ஒரே விசையால் இழுத்தோமா என்பதை நான் கேட்ட கேள்வி சொல்லவே இல்லை. சுருள்வில் கணக்குகளில் மாணவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான் என்பது என் வகுப்பறை அனுபவம். சூத்திரம் அவர்களுக்கு மனப்பாடமாகத் தெரியும். எதை மாறாமல் வைத்து எதை ஒப்பிடுகிறோம் என்பதை மட்டும் கேட்டுக்கொள்வதில்லை.

ஆகவே இந்த வழிகாட்டியில் இரண்டு சுருள்வில்களைக் கையில் எடுத்து, அவற்றின் மாறிலியை முதலில் அசையாமல் தொங்கவிட்டும் பிறகு அலையவிட்டும் அளந்து, அதன்பின் அலைவு நேரம், வேகம், ஆற்றல் ஆகியவற்றை ஒப்பிட்டு, கடைசியில் இரண்டையும் ஒன்றாக இணைத்து நம் அளவீடு சரிதானா என்று பார்ப்போம். வீட்டிலோ பள்ளி ஆய்வகத்திலோ ஓர் அரை நாளில் செய்துவிடக்கூடிய வேலை இது. ஒரு தாங்கி, ஓர் எடைதாங்கி, சில 50 கிராம் எடைகள், ஓர் அளவுகோல், கைப்பேசியில் உள்ள நிறுத்துக் கடிகாரம் ஆகியவை இருந்தால் போதும்.

முன்னதாகத் தெரிந்திருக்க வேண்டியவை

நீட்சி மீட்சி எல்லைக்குள், அதாவது விட்டதும் சுருள்வில் பழைய நீளத்துக்கே திரும்பிவிடும் அளவுக்குள், இருக்கும்வரை, சுருள்வில் திருப்பி இழுக்கும் விசை அதன் நீட்சிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ராபர்ட் ஹூக் 1676இல் இந்த விதியை எழுத்துகளைக் கலைத்துப்போட்ட ஒரு புதிராக அச்சிட்டு, 1678இல் அதன் விடையை வெளியிட்டார்: நீட்சி எப்படியோ, விசையும் அப்படியே. அந்த விகிதத்தின் மதிப்பைத்தான் சுருள்வில் மாறிலி என்கிறோம். ஒரு சுருள்வில்லின் மாறிலி 20 நியூட்டன்/மீட்டர் என்றால், அதை ஒரு மீட்டர் நீட்ட 20 நியூட்டன், ஒரு சென்டிமீட்டர் நீட்ட 0.2 நியூட்டன் விசை தேவை என்று பொருள். பெரிய மாறிலி என்றால் அதிக விறைப்பு.

இப்படித் திருப்பி இழுக்கும் மீள்விசை எப்போதும் நடுநிலையை, அதாவது பொருள் அசையாமல் நிற்கும் இடத்தை, நோக்கியும், நடுநிலையிலிருந்து விலகிய தூரத்துக்கு நேர்விகிதத்திலும் இருந்தால், அந்த இயக்கம் தனிச்சீரிசை இயக்கமாகும். இலங்கைப் பாடநூல்களில் இதையே எளிமை இசை இயக்கம் என்பார்கள். சுருள்வில்லில் நிறை ஒன்றைத் தொங்கவிட்டு, சற்றே கீழே இழுத்து விட்டால் அது ஒரு முழு அலைவுக்கு எடுக்கும் நேரம் இது:

அலைவு நேரம் = 2 × பை × √(நிறை ÷ சுருள்வில் மாறிலி)

இந்தச் சூத்திரத்தில் இல்லாதவற்றையும் கவனிக்க வேண்டும். வீச்சு, அதாவது நடுநிலையிலிருந்து பெருமமாக விலகும் தூரம், இதில் இல்லை. ஒரு சென்டிமீட்டர் இழுத்து விட்டாலும் மூன்று சென்டிமீட்டர் இழுத்து விட்டாலும் அலைவு நேரம் ஒன்றே. புவியீர்ப்பு முடுக்கமும் இதில் இல்லை. செங்குத்தாகத் தொங்கினாலும் வழவழப்பான மேசையில் கிடைமட்டமாக அலைந்தாலும் அலைவு நேரம் மாறாது. ஈர்ப்பு செய்வதெல்லாம் நடுநிலைப் புள்ளியைக் கீழே இறக்கிவைப்பது மட்டுமே. தராசு பயன்படாத எடையற்ற நிலையிலும் இந்த முறை வேலை செய்வதற்கு அதுவே காரணம். 1973இல் ஏவப்பட்ட ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தில், சுருள்வில்லோடு இணைந்த ஓர் இருக்கையில் வீரர்கள் அமர்ந்து அலைந்தார்கள். அந்த அலைவு நேரத்திலிருந்து அவர்களின் உடல் நிறை கணக்கிடப்பட்டது.

முதல் படி: சுருள்வில்களைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தல்

கொக்கி உள்ள, இழுப்பதற்கென்றே செய்யப்பட்ட சுருள்வில்களை எடுத்துக்கொள்ளுங்கள். பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங் அமுக்குவதற்கானது, இதற்கு ஒத்துவராது. ஒன்றின் கொக்கியில் நீல நூலும் மற்றொன்றில் சிவப்பு நூலும் கட்டிவிட்டால் நடுவில் குழப்பம் வராது. இனி அவற்றை நீலம், சிவப்பு என்றே குறிப்பிடுகிறேன்.

கணக்குகளுக்காக, இரண்டும் ஒரே எஃகுக் கம்பியால் ஆனவை என்று வைத்துக்கொள்வோம். கம்பியின் விட்டம் 1 மி.மீ., சுருளின் சராசரி விட்டம் 20 மி.மீ.; நீலத்தில் 62 சுற்றுகள், சிவப்பில் 27½ சுற்றுகள். அளப்பதற்கு முன்பே இவற்றின் மாறிலியை மதிப்பிட ஒரு வழி உண்டு:

மாறிலி = (விறைப்புக் குணகம் × கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கு) ÷ (8 × சுருள் விட்டத்தின் மூன்றாம் அடுக்கு × சுற்றுகளின் எண்ணிக்கை)

விறைப்புக் குணகம் என்பது பொருள் முறுக்கத்தை எவ்வளவு எதிர்க்கிறது என்பதன் அளவு; எஃகுக்கு அது சுமார் 7.9 × 10¹⁰ பாஸ்கல். அதைப் போட்டுக் கணக்கிட்டால் நீலத்துக்கு ஏறக்குறைய 20 நியூட்டன்/மீட்டரும், சிவப்புக்கு ஏறக்குறைய 45 நியூட்டன்/மீட்டரும் வருகின்றன. நீட்டலுக்கான எதிர்ப்பைக் காட்டும் யங் குணகத்தைப் போடாமல் விறைப்புக் குணகத்தை ஏன் போடுகிறோம் என்று மாணவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. சுருள்வில்லை இழுக்கும்போது கம்பி நீள்வதில்லை, முறுக்கப்படுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் கம்பி சிறிதளவு முறுகி, அந்த முறுக்கங்கள் எல்லாம் சேர்ந்துதான் நாம் காணும் நீட்சியாகின்றன. சுற்றுகள் கூடினால் மாறிலி குறைவதும் அதனால்தான்.

நான்காம் அடுக்கு என்பதைச் சாதாரணமாகக் கடந்துவிடக் கூடாது. கம்பியின் விட்டம் பத்து சதவீதம் கூடினால் மாறிலி 46 சதவீதம் கூடிவிடுகிறது. சுருளின் விட்டம் பத்து சதவீதம் கூடினால் மாறிலி 25 சதவீதம் குறைந்துவிடுகிறது. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் இரண்டு சுருள்வில்களின் அலைவு நேரங்கள் வெவ்வேறாக இருப்பதில் வியப்பில்லை.

கடைசியாக, சுற்றுகளைக் கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்துப் பாருங்கள். நான் படித்த பள்ளியின் ஆய்வகத்தில் இருந்த ஒரு சுருள்வில்லில், மேலே உள்ள ஐந்தாறு சுற்றுகள் மட்டும் வாய் பிளந்து நின்றன. கீழே உள்ளவை ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. யாரோ அளவுக்கு மீறிய எடையைத் தொங்கவிட்டு மீட்சி எல்லையைத் தாண்டச் செய்திருக்கிறார்கள். அப்படிப்பட்டதைத் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள்.

இரண்டாம் படி: அசையாமல் தொங்கவிட்டு அளத்தல்

சுருள்வில்லைத் தாங்கியில் மாட்டி, எடைதாங்கியைக் கொக்கியில் தொங்கவிட்டு, அதன் அடிப்பாகம் அளவுகோலில் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 50 கிராமாகச் சேர்த்துக்கொண்டே போய், ஒவ்வொரு முறையும் அசைவு அடங்கியபின் அளவைக் குறியுங்கள். மேலே ஏற்றும்போது எடுத்த அளவுகளையே, எடைகளை ஒவ்வொன்றாக இறக்கும்போதும் எடுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் சுருள்வில் மீட்சி எல்லைக்குள் இருக்கிறது.

ஒவ்வொரு 50 கிராமுக்கும் நீலம் 2.45 செ.மீ. நீளும், சிவப்பு 1.09 செ.மீ. நீளும். அளவுகோலில் ஒரு மில்லிமீட்டர் பிசகு வந்தால் நீலத்தில் அது நான்கு சதவீதம்தான், சிவப்பிலோ ஒன்பது சதவீதம். எனவே விறைப்பான சுருள்வில்லுக்கு 100 கிராம் படிகளாக ஏற்றுவது நல்லது. இரண்டையும் ஒரே எடைகளால்தான் அளக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இரண்டிலும் நீட்சி ஒத்த அளவில் இருந்தால் இரண்டின் துல்லியமும் ஒத்திருக்கும்.

விசையைச் செங்குத்து அச்சிலும் நீட்சியைக் கிடைமட்ட அச்சிலும் வைத்து வரைபடம் வரைந்து, அதன் சாய்விலிருந்து மாறிலியைக் கணக்கிடுங்கள். ஓர் எடையை மட்டும் தொங்கவிட்டு, விசையை நீட்சியால் வகுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது எவ்வளவு பெரிய பிழையைத் தரும் என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம்.

கடையில் வாங்கும் பல இழுவைச் சுருள்வில்களில் சுற்றுகள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருக்குமாறு இறுக்கமாகச் சுற்றப்பட்டிருக்கும். ஒரு குறிப்பிட்ட விசை வரும்வரை அவை திறக்கவே திறக்காது. மாறிலி 45 ஆகவும், திறப்பதற்குத் தேவையான விசை 0.30 நியூட்டனாகவும் உள்ள ஒரு சுருள்வில்லில் 100 கிராமைத் தொங்கவிட்டால், அதன் எடையான 0.98 நியூட்டனில் 0.30 போக மீதமுள்ள 0.68 நியூட்டன்தான் அதை நீட்டுகிறது; நீட்சி 1.51 செ.மீ. நேராக வகுத்தால் மாறிலி 65 என்று வரும். 200 கிராமில் நீட்சி 3.69 செ.மீ.; நேராக வகுத்தால் 53. ஒரே சுருள்வில்லுக்கு இரண்டு மாறிலிகள்! ஆனால் கூடுதலாக ஏற்றிய 0.98 நியூட்டனைக் கூடுதல் நீட்சியான 2.18 செ.மீ.ஆல் வகுத்தால் 45 கிடைத்துவிடுகிறது. சாய்வு என்பது இதுதான். வரைபடக் கோடு ஆதிப்புள்ளி வழியே போகாவிட்டால் அதை வலுக்கட்டாயமாக ஆதிப்புள்ளிக்கு இழுக்காதீர்கள்.

மூன்றாம் படி: அலையவிட்டு அளத்தல்

200 கிராமைத் தொங்கவிட்டு, அது அசையாமல் நிற்கும் இடத்துக்கு நேராக ஒரு குண்டூசியைத் தாங்கியில் கிடைமட்டமாகப் பொருத்துங்கள். இதுதான் நடுநிலைக் குறி. எடையைச் செங்குத்தாக இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே இழுத்து, தள்ளாமல், கையை மட்டும் விலக்கிவிடுங்கள். கடிகாரத்தை எடை அடிமட்டத்துக்கு வரும்போது அழுத்தாதீர்கள். குண்டூசியைக் கடந்து கீழ்நோக்கிப் போகும் கணத்தில் அழுத்துங்கள். அடிமட்டத்தில் எடை ஒரு நொடி தயங்கி நிற்பதுபோலத் தோன்றும். எந்தக் கணத்தில் அது திரும்பியது என்று கண்ணால் பிரித்தறிய முடியாது. நடுநிலையில் அதன் வேகம் பெருமம் என்பதால், குண்டூசியைக் கடப்பது வெட்டியதுபோலத் தெளிவாகத் தெரியும்.

கடிகாரத்தை அழுத்தும்போது வாய்விட்டுச் சொல்ல வேண்டிய எண் பூஜ்யம். ஒன்று என்று தொடங்கி இருபதில் நிறுத்தினால் நீங்கள் எண்ணியது பத்தொன்பது அலைவுகளே. அலைவு நேரம் ஐந்து சதவீதம் குறைந்து, மாறிலி பதினொரு சதவீதம் கூடிவிடும். சுருள்வில் ஆய்வில் நான் திரும்பத் திரும்பக் காணும் பிழை இது.

மாறிலி அலைவு நேரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் இருப்பதால், நேரத்தில் ஒரு சதவீதப் பிழை மாறிலியில் இரண்டு சதவீதமாகிறது. கைவிரலின் தயக்கத்தால் 0.2 நொடி பிசகும் என்று கொள்வோம். 0.63 நொடி எடுக்கும் ஓர் அலைவை மட்டும் அளந்தால் மூன்றில் ஒரு பங்கு பிழையாகிவிடும். இருபது அலைவுகள் எனில் பிழை 1.6 சதவீதம், ஐம்பது எனில் 0.6 சதவீதம். சிவப்பு வேகமாக அலையும் என்பதால் அதற்கு எப்போதும் ஐம்பது எண்ணுவது நல்லது. இவ்வளவு நேரத்தில் காற்றுத் தடையால் வீச்சு குறைந்துகொண்டே வருமே என்று அஞ்ச வேண்டாம். ஐம்பது அலைவுகளில் வீச்சு பாதியாகக் குறைந்தாலும் அலைவு நேரம் மாறுவது பத்து லட்சத்தில் இரண்டு மூன்று பங்குதான்.

ஒரு விநோதத்தை இங்கே சொல்லியாக வேண்டும். சில சமயம் செங்குத்தாக அலையவிட்ட எடை, யாரும் தொடாமலே பக்கவாட்டில் ஊசலாடத் தொடங்கும். மேலும் கீழுமான அசைவு ஏறக்குறைய நின்றுபோகும். சிறிது நேரத்தில் ஊசலாட்டம் அடங்கி, செங்குத்து அலைவு திரும்ப வரும். கை நடுங்கியதால் வந்தது என்று மாணவர்கள் தங்களையே குறைசொல்லிக்கொள்வார்கள். உண்மைக் காரணம் வேறு. செங்குத்து அலைவின் அதிர்வெண், பக்கவாட்டு ஊசலின் அதிர்வெண்ணைப்போல இருமடங்காக அமைந்துவிட்டால், ஒன்றின் ஆற்றல் மற்றொன்றுக்கு மாறிமாறிப் பாயும். எடையால் வரும் நீட்சி, தாங்கியிலிருந்து எடையின் மையம் வரை உள்ள மொத்த நீளத்தில் கால் பங்காக இருக்கும்போது இது நேரும். நீலத்தில், நீளாத நிலையில் அந்த நீளம் 15 செ.மீ. என்றால், 5 செ.மீ. நீட்சி தரும் எடையில், அதாவது சுமார் 100 கிராமில் இந்தத் தொல்லை வரும். அந்த எடையைத் தவிர்த்துவிடலாம். அல்லது கொக்கிக்கும் எடைக்கும் இடையே ஒரு துண்டு நூலைக் கட்டி நீளத்தை மாற்றிவிடலாம்.

இறுக்கமாகச் சுற்றப்பட்ட சுருள்வில்லாக இருந்தால் இன்னொரு கவனம் தேவை. எடை மேலே வரும்போது சுற்றுகள் ஒன்றோடொன்று மோதி 'டக்' என்று ஒலித்தால், அந்தக் கணத்தில் ஹூக் விதி முறிந்துவிட்டது. அது தனிச்சீரிசை இயக்கம் அன்று. வீச்சு எப்போதும் நிலைநீட்சியைவிட, அதாவது எடை அசையாமல் தொங்கும்போது உள்ள நீட்சியைவிட, குறைவாக இருக்கட்டும்.

நான்காம் படி: சுருள்வில்லின் சொந்த நிறையைச் சேர்த்தல்

பாடநூல் சூத்திரத்தில் சுருள்வில்லுக்கு நிறையே இல்லை. நம் நீலச் சுருள்வில்லின் எடையோ 24 கிராம், சிவப்பு 10.7 கிராம். சுருள்வில்லின் மேல்முனை அசைவதில்லை, கீழ்முனை எடையோடு முழுவதுமாக அசைகிறது, நடுவில் உள்ளவை அவற்றின் இடத்துக்கேற்ற வேகத்தில் அசைகின்றன. இந்த இயக்க ஆற்றலை எல்லாம் கூட்டிப் பார்த்தால், சுருள்வில்லின் நிறையில் மூன்றில் ஒரு பங்கு கீழ்முனையில் ஒட்டியிருப்பதற்கு அது சமமாகிறது. தொங்கும் எடை சுருள்வில்லைவிட மிகக் கனமாக இருக்கும்வரை இந்த மூன்றில் ஒன்று என்பது நல்ல தோராயம்.

ஆகவே நீலத்தோடு 200 கிராம் தொங்கும்போது உண்மையில் அலைவது 208 கிராம், சிவப்போடு 203.6 கிராம். அலைவு நேரங்கள் 0.628, 0.419 நொடிகளாக இல்லாமல் 0.641, 0.423 நொடிகளாக இருக்கும். இரண்டு நேரங்களின் விகிதம் 1.50 என்பது 1.52 ஆகிறது. அதைக்கொண்டு மாறிலிகளின் விகிதத்தைக் கணக்கிட்டால் 2.25க்குப் பதில் 2.30 வரும். இரண்டு சுருள்வில்களின் நிறையும் ஒன்றாக இருந்திருந்தால் விகிதத்தில் இந்தப் பிழை பெரும்பாலும் அடிபட்டுப் போயிருக்கும். ஒன்று கனமாகவும் ஒன்று இலேசாகவும் இருப்பதால்தான் ஒப்பீடு ஒரு பக்கமாகச் சாய்கிறது.

இதிலிருந்து முழுவதுமாகத் தப்பிக்கும் வழி, பல எடைகளுக்கு அலைவு நேரத்தை அளந்து, அலைவு நேரத்தின் இருமடியை நிறைக்கு எதிராக வரைவதுதான். அந்தக் கோட்டின் சாய்வு, 39.48ஐ (4 × பையின் இருமடி) மாறிலியால் வகுத்த மதிப்பு. நீலத்துக்கு அது 1.97, சிவப்புக்கு 0.877. சுருள்வில்லின் நிறை சாய்வைத் தொடுவதில்லை. கோட்டை இடப்பக்கம் நீட்டினால் நிறை அச்சை நீலத்துக்கு 8 கிராம் பின்னால் வெட்டும். மூன்றில் ஒரு பங்கு அங்கே கண்முன் தெரியும். எடைதாங்கியின் நிறையைக் கூட்ட மறந்திருந்தாலும் இதே இடத்தில்தான் அது வெளிப்படும், ஏனெனில் வெட்டுத்துண்டு எதிர்பார்த்ததைவிட மிகப் பெரிதாக இருக்கும்.

ஐந்தாம் படி: ஒப்பிடுதல்

இப்போது 20, 45 என்ற இரண்டு மாறிலிகளும் கையில் உள்ளன. கணக்கு எளிதாக இருப்பதற்காக, சுருள்வில்லின் நிறையை இந்தப் பகுதியில் மட்டும் ஒதுக்கிவைத்து, இரண்டிலும் 200 கிராம் தொங்குவதாகக் கொள்வோம். கோண அதிர்வெண் (2 × பையை அலைவு நேரத்தால் வகுத்த மதிப்பு) நீலத்துக்கு 10 ரேடியன்/நொடி, சிவப்புக்கு 15 ரேடியன்/நொடி. மாறிலி 2.25 மடங்காக இருந்தும் அதிர்வெண் 1.5 மடங்குதான், ஏனெனில் இடையில் இருமடி மூலம் நிற்கிறது. சுருள்வில் இருமடங்கு விறைப்பானால் இருமடங்கு வேகமாக அலையும் என்ற எண்ணத்தை முதலில் கைவிட வேண்டும். அதற்கு நான்கு மடங்கு விறைப்பு வேண்டும்.

முதலில் வீச்சைச் சமமாக வைப்போம். இரண்டையும் 3 செ.மீ. இழுத்து விடுகிறோம். பெரும வேகம் என்பது வீச்சையும் கோண அதிர்வெண்ணையும் பெருக்கிய மதிப்பு, நீலத்துக்கு 0.30 மீட்டர்/நொடி, சிவப்புக்கு 0.45 மீட்டர்/நொடி. பெரும முடுக்கம் நீலத்துக்கு 3 மீட்டர்/நொடி², சிவப்புக்கு 6.75 மீட்டர்/நொடி². ஆற்றல் என்பது மாறிலியையும் வீச்சின் இருமடியையும் பெருக்கியதில் பாதி. நீலத்துக்கு 9 மில்லிஜூல், சிவப்புக்கு 20.25 மில்லிஜூல். எல்லாவற்றிலும் சிவப்பே முன்னிற்கிறது.

அடுத்து இழுக்கும் விசையைச் சமமாக வைப்போம். நடுநிலையிலிருந்து இரண்டையும் 0.9 நியூட்டன் விசையால் இழுத்து விடுகிறோம். நீலம் 4.5 செ.மீ. விலகும், சிவப்பு 2 செ.மீ. மட்டுமே விலகும். ஆற்றலைக் கணக்கிட்டால் நீலத்தில் 20.25 மில்லிஜூல், சிவப்பில் 9 மில்லிஜூல்! முன்பு கண்ட அதே இரண்டு எண்கள் இடம் மாறி நிற்கின்றன. விசை ஒன்றாக இருக்கும்போது ஆற்றல் மாறிலிக்கு எதிர்விகிதத்தில் அமைகிறது. விறைப்புக் குறைந்த சுருள்வில் அதே விசைக்கு அதிக தூரம் இணங்கிப்போகிறது. செய்யப்பட்ட வேலை விசையையும் தூரத்தையும் சார்ந்தது. பெரும வேகத்திலும் இப்போது நீலமே முன்னிற்கிறது: நீலத்துக்கு 0.45, சிவப்புக்கு 0.30 மீட்டர்/நொடி. தொடக்க முடுக்கம் மட்டும் இரண்டுக்கும் ஒன்றே, 4.5 மீட்டர்/நொடி², ஏனெனில் விசையும் ஒன்று, நிறையும் ஒன்று.

ஆற்றலைச் சமமாக வைத்தால் என்ன ஆகும்? இரண்டுக்கும் 9 மில்லிஜூல் கொடுத்தால் நீலம் 3 செ.மீ. வீச்சிலும் சிவப்பு 2 செ.மீ. வீச்சிலும் அலையும். நிறைகள் சமம் என்பதால் நடுநிலையில் இரண்டின் வேகமும் 0.30 மீட்டர்/நொடியே. பெரும வேகம் சமமாக உள்ள இரண்டு சுருள்வில்களின் வீச்சு விகிதத்தைக் கேட்கும் கேள்வி நுழைவுத் தேர்வுகளில் வெவ்வேறு உருவில் வந்துகொண்டே இருக்கிறது. அது இதுவேதான்: வீச்சுகள் மாறிலிகளின் இருமடி மூலத்துக்கு எதிர்விகிதத்தில் அமையும்.

நிறைகளைச் சமமாக வைக்காமல், அலைவு நேரத்தைச் சமமாக வைக்கவும் செய்யலாம். நீலத்தில் 200 கிராம் தொங்கும்போது சிவப்பும் அதே நேரத்தில் அலைய வேண்டுமென்றால் அதில் 450 கிராம் தொங்க வேண்டும். அப்போது இரண்டின் நிலைநீட்சியும் 9.8 செ.மீ.ஆக ஒன்றாகிவிடும். இது தற்செயல் அன்று. நிறையை மாறிலியால் வகுப்பதும் நிலைநீட்சியைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுப்பதும் ஒன்றே. ஆகவே மாறிலியோ நிறையோ தெரியாத நிலையிலும், இரண்டு சுருள்வில்களின் நிலைநீட்சிகளை அளவுகோலால் அளந்தே அவற்றின் அலைவு நேர விகிதத்தைச் சொல்லிவிடலாம்: நீட்சிகளின் விகிதத்துக்கு இருமடி மூலம். சிறு வயதில் இதை முதன்முதலாகச் சரிபார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை. முன்னரே இறுக்கமாகச் சுற்றப்பட்ட சுருள்வில்லுக்கு மட்டும் இந்தக் குறுக்குவழி பொருந்தாது. அங்கே நிலைநீட்சி முழு எடையையும் காட்டுவதில்லை.

எனவே எந்தக் கணக்கானாலும், சூத்திரத்தைத் தொடும் முன் தாளின் ஓரத்தில் ஒரு வரி எழுதுங்கள்: சமமாக இருப்பது எது? வீச்சா, விசையா, ஆற்றலா, நிறையா, அலைவு நேரமா? அந்த வரி எழுதப்பட்டபின் எந்தச் சூத்திரத்தை எடுப்பது என்ற தயக்கம் பெரும்பாலும் இருக்காது.

ஆறாம் படி: வெட்டியும் இணைத்தும் பார்த்தல்

ஒரு சுருள்வில்லைச் சரிபாதியாக வெட்டினால் ஒவ்வொரு பாதியின் மாறிலியும் பாதியாகும் என்று சொல்பவர்கள் உண்டு. சுற்றுகளின் எண்ணிக்கை வகுக்கும் இடத்தில் இருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால் போதும். சுற்றுகள் பாதியானால் மாறிலி இருமடங்காகும். 62 சுற்றுகள் உள்ள நீலத்திலிருந்து 27½ சுற்றுகளை வெட்டி எடுத்தால் கிடைப்பது சிவப்பேதான். ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் வெட்டினால் சிறிய துண்டுக்கு மும்மடங்கும் பெரிய துண்டுக்கு ஒன்றரை மடங்கும் மாறிலி வரும்.

இரண்டையும் பக்கத்தில் பக்கமாகத் தொங்கவிட்டு ஒரே எடையைத் தாங்கச் செய்தால் மாறிலிகள் கூடி 65 ஆகும். 200 கிராமின் அலைவு நேரம் 0.35 நொடியாகக் குறையும். எடை சாயாமல் இருக்க வேண்டும் என்பதால் இதைச் செய்துகாட்டுவது சற்றுச் சிரமம். இரண்டின் நீளமும் வேறு என்பதால் சிவப்பின் மேல்முனையில் நூல் கட்டி நீளத்தைச் சரிசெய்ய வேண்டியிருக்கும். நான் பெரும்பாலும், ஒன்றன்கீழ் ஒன்றாக மாட்டும் தொடரிணைப்பையே பரிந்துரைப்பேன்.

நீலத்தின் கீழே சிவப்பை மாட்டி, அதன் கீழே எடையைத் தொங்கவிட்டால், இரண்டிலும் ஒரே விசை, நீட்சிகள் கூடும். மாறிலிகளின் தலைகீழ் மதிப்புகளைக் கூட்டி மீண்டும் தலைகீழாக்கினால் 13.85 நியூட்டன்/மீட்டர் வரும். இதன் விளைவை அலைவு நேரத்தில் சொன்னால் அழகாக இருக்கும்: தொடரிணைப்பின் அலைவு நேரத்தின் இருமடி, தனித்தனி அலைவு நேரங்களின் இருமடிகளின் கூட்டுத்தொகை. செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தைக் காண்பதுபோலவே கணக்கிடலாம்.

இப்போது நம் அளவீடுகளைச் சோதிப்போம். நீலத்துக்கு 0.641, சிவப்புக்கு 0.423 நொடி என்று அளந்திருக்கிறோம். இருமடிகளைக் கூட்டி மூலம் எடுத்தால் 0.768 நொடி வர வேண்டும். ஐம்பது அலைவுகளுக்கு 38.4 நொடி. ஆனால் கடிகாரம் 38.8 நொடிக்கு நெருக்கமாகக் காட்டும். இந்த 0.4 நொடியைக் கையின் பிழை என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஒரே கம்பியாலும் ஒரே விட்டத்தாலும் ஆன இரண்டு சுருள்வில்களையும் தொடராக மாட்டும்போது, அவை 34.7 கிராம் நிறையுள்ள ஒரே நீண்ட சுருள்வில்லாகிவிடுகின்றன. அதில் மூன்றில் ஒரு பங்கு 11.6 கிராம், அலைவது 211.6 கிராம். 13.85 என்ற மாறிலியோடு இந்த நிறையைப் போட்டால் அலைவு நேரம் 0.777 நொடி, ஐம்பது அலைவுகளுக்கு 38.8 நொடி. இருபது அலைவுகள் மட்டும் எண்ணியிருந்தால் வித்தியாசம் 0.18 நொடியாகச் சுருங்கி, விரலின் தயக்கத்துக்குள் மறைந்துபோயிருக்கும்.